இடது முன் சக்கரம்

கோயமுத்தூரில் டயரின் அகலம் எவ்வளவோ, அதற்கேற்ற சாலைதான் கிடைக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டயர் கடைக்காரர்கள் காரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்து, "எந்த ரோட்டுல போகோணுமுங்?" என்றுதான் கேட்பார்கள்.

பொள்ளாச்சி சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் அகல டயர் போட்ட சின்னக் காருக்கு அது நான்கு வழிச் சாலை. நடுவில் அரளிச்செடி. நூற்று ஐம்பத்தைந்து போட்டால் இரண்டு வழிச் சாலை. ஓரத்தில் வெட்டிய புளியமரங்களின் அடிக்கட்டைகள் மட்டும் இருக்கும். நூற்று நாற்பத்தைந்து போட்டால் மரங்களே இருக்கும்.

அந்த நூற்று நாற்பத்தைந்துச் சாலை ஒல்லியானது. இரண்டு பக்கத்துப் புளியமரங்களும் மேலே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். இறங்கியவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த அகலத்தில் யாருக்கும் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை.

தெய்வசிகாமணியின் மனைவி மரகதம் அந்தச் சாலையில்தான் நின்றுகொண்டிருக்கிறாள். நிற்க வைத்துவிட்டு வந்தவர் அவர்தான்.

அன்றைக்கு இருவரும் மகள் இந்துமதியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினார்கள். பள்ளி கிணத்துக்கடவில். கார் வானநீலம். வாங்கும்போது வந்த நூற்று நாற்பத்தைந்து டயர்கள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. ஈச்சனாரி தாண்டியதும் நாச்சிமுத்துவின் டயர் கடை. கடைக்கு எதிரில் ஒரு பெரிய புளியமரம், அதன் அடியில் ஒரு டீக்கடை.

"நீங்க டயர மாத்திட்டு வாங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு மரத்தடில நிக்கறேன்" என்று சொல்லி மரகதம் இறங்கிக்கொண்டாள்.

தெய்வசிகாமணி எதையும் மரகதத்தைக் கேட்காமல் செய்கிறவர் அல்ல. சட்டையை உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்பதைக்கூடக் கேட்டுத்தான் செய்வார். ஆபீசில் அவரைக் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் வெட்கமே கிடையாது. கேட்பதற்கு ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று கேலி செய்தவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு மரகதம் சாலைக்கு அந்தப்பக்கம் இருந்தாள். நாச்சிமுத்து இந்தப்பக்கம் இருந்தார்.

"அண்ணா, சைஸ் ஏத்திப் போட்டுக்கலாமுங். வண்டி ரோட்டப் புடிச்சு நிக்கும். பாக்கவும் ஜம்முனு இருக்கும்" என்றார் நாச்சிமுத்து.

"சரி" என்று சொல்லிவிட்டார் தெய்வசிகாமணி. வாழ்க்கையில் அவர் யாரையும் கேட்காமல் சொன்ன முதல் சரி.

"ஸ்டெப்னியும் மாத்திரலாமுங்களா?"

"டிக்கில சும்மா கெடக்கறதுதானுங். அதுக்கெதுக்குப் புதுசு?"

அப்போது நாச்சிமுத்துவின் மச்சினன் கனகராஜ் இன்னும் ஆளாக இருந்தார். அவர்தான் எல்லாச் சக்கரத்துக்கும் காற்று அடித்தார். ஸ்டெப்னிக்கும் அடித்தார். கனகராஜ் அடித்த காற்று இறங்காது என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு.

நாச்சிமுத்து நான்கு புது டயருக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். புது டயர் போட்டால் எலுமிச்சை நசுக்காமல் கிளப்புவதில்லை. எந்தச் சக்கரம் தன் பழத்தை நசுக்குகிறதோ, அந்தச் சக்கரம் பஞ்சராகாது. நான்கும் நன்றாக நசுங்கின. புளிப்பு வாசம் வந்தது.

தெய்வசிகாமணி வெளியே வந்தார். நான்கு வழிச் சாலை இருந்தது. மரம் இருந்த இடத்தில் அரளிச்செடி பூத்திருந்தது. டீக்கடை இல்லை.

அவர் அரளிச்செடியைப் பார்த்து, "மரகதம்" என்று கூப்பிட்டார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. நான்கு வழிச் சாலையில் நிற்கக்கூடாது. பள்ளி விடுகிற நேரமும் ஆகிவிட்டது. போனார்.

இந்துமதி வாசலில் நின்றிருந்தாள். மோதிர விரலில் ஒரு கட்டு. முந்தின வாரம் அதே காரின் கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள். பின்னால் அந்த நகம் கோணலாகவே வளர்ந்தது.

"அம்மா எங்கப்பா?"

"டீ குடிச்சுட்டு வருவா கண்ணு."

அதற்குப் பிறகு இந்துமதி வளர்ந்தாள். படித்தாள். கல்யாணம் ஆயிற்று. ஓசூரில் இருக்கிறாள். தலையில் நரை வந்துவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்து, "அப்பா, அம்மா டீ குடிச்சாச்சுங்களா?" என்று கேட்பாள். முதலில் நிஜமாகவே கேட்டாள். பிறகு கொஞ்ச காலம் கோபத்தில் கேட்டாள். இப்போது எதற்காகக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்காவிட்டால் தீபாவளி மாதிரி இருப்பதில்லை.

"இன்னும் இல்ல கண்ணு" என்பார் அவர்.

நூற்று நாற்பத்தைந்து போட்டு, போய்க் கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். அந்த டயர் இப்போது வருவதில்லை. அகலம் ஏறுமே தவிர இறங்காது. பழைய டயராகவாவது வாங்கலாம் என்றால் விற்க ஆள் இல்லை. வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு அந்தச் சாலையில் போய்விட்டார்கள். அங்கிருந்து டயரைக் கழற்றி விற்க யாரும் திரும்பி வருவதில்லை.

ஆகவே டயர் தேய்கிறபோதெல்லாம் தெய்வசிகாமணி நாச்சிமுத்துவின் கடைக்குப் போவார். நூற்று நாற்பத்தைந்து கேட்பார். இல்லை என்றதும் மறுபடி நூற்று அறுபத்தைந்தே போட்டுக்கொள்வார். எலுமிச்சை நசுங்கும். அவர் காருக்கு ஒரு தடவைகூடப் பஞ்சர் ஆனதில்லை. பார்த்தவர்கள் எல்லாம் அவரை அதிர்ஷ்டக்காரர் என்றார்கள்.

இந்தத் தடவை டயரில் கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டது. தெய்வசிகாமணி கடைக்குப் போனார்.

கடை முன்பு இருந்ததைவிட நீளமாகியிருந்தது. வாசலில் நுழைந்து நாச்சிமுத்துவின் மேசையை அடைவதற்குள் அவருக்குத் தாகம் எடுத்தது. இரண்டு பக்கமும் டயர்கள் அடுக்கியிருந்தன. போகப் போக அகலமான டயர்கள் வந்தன. கடைசியில் இருந்தவற்றை டயர் என்று சொல்வதா, அறை என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஒன்றினுள் ஒரு குடும்பம் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து முடியெல்லாம் கொட்டி மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மச்சினன் கனகராஜ் இருந்தார். கனகராஜ் இப்போது ஏர் கம்ப்ரசர். சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தது. வயிறு மட்டும் பழையபடியே இருந்தது.

"வாங்கண்ணா" என்றார் நாச்சிமுத்து. "மாப்ள, யாரு வந்துருக்கான்னு பாரு."

கனகராஜ் தடதடவென்று ஓடி நின்றார். அது வணக்கம்.

"எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"கொஞ்சங் கொஞ்சமாத்தானுங். மொதல்ல மூச்சு வாங்குதுன்னாப்ல. அப்புறம் பேச்சு கொறஞ்சுது. எந்தங்கச்சிகூட ஒண்ணுஞ் சொல்லுல. குடிக்கறதுக்கு இது எவ்வளவோ மேலுன்னுருச்சு."

தெய்வசிகாமணி கனகராஜின் தோள் இருக்கவேண்டிய இடத்தில் கை வைத்தார். சூடாக இருந்தது.

"நூத்தி நாப்பத்தஞ்சு இருக்குதுங்களா?"

"அண்ணா, நீங்களும் கேக்கறத வுட மாட்டீங்க, நானும் இல்லைங்கறத வுட மாட்டேன். இப்ப நூத்தி அறுபத்தஞ்சே வர்றதில்லீங். ரெண்டுதான் இருக்குது. நூத்தி எழுபத்தஞ்சு இருக்குது. ஆறு வழி ரோடு. கண்ண மூடிட்டுப் போலாம். இல்லாட்டி மூலைல ஒரு செட்டு நூத்தி அம்பத்தஞ்சு கெடக்குது. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"ஏனுங்?"

"அந்த ரோட்டுல நெழலும் இல்ல, வேகமும் இல்ல. மரத்த வெட்டிப்போட்டு அப்பறம் என்ன செய்யறதுன்னு யோசிச்சுட்டு இருந்த சமயத்து ரோடுங் அது. அதுல போறவிய முகமே ஒரு மாதிரி இருக்கும்."

தெய்வசிகாமணி யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. தலை வலித்தது. நூற்று எழுபத்தைந்து போட்டால் மரகதம் இன்னும் உள்ளே போய்விடுவாள். ஆறு வழிக்கு அடியில், அரளிக்கும் அடியில். நூற்று ஐம்பத்தைந்து போட்டால் அவளைப் பார்க்க முடியாது. ஆனால் அவள் சாய்ந்துகொண்டு நின்ற மரத்தின் கட்டையையாவது பார்க்கலாம். அவருக்கு அவளைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. அது முடியாதென்றால், அவள் பக்கத்திலாவது போகவேண்டும் போல இருந்தது.

"நூத்தி அம்பத்தஞ்சு போடுங்க" என்றார்.

"அண்ணா, யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல கேட்டுக்கறீங்களா?"

"வீட்டுல கேக்கறதுக்குத்தான் இதப் போடறேன்."

கனகராஜ் தானாக ஓடி, தானாக நின்றார். பிரஷர் காட்டும் முள் ஏறி இறங்கியது. நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டு, "மாப்ளயும் சரிங்கறாப்ல" என்றார்.

நான்கு டயரும் மாறின. "ஸ்டெப்னி?" என்று நாச்சிமுத்து கேட்டார். "அது கெடக்குது" என்றார் தெய்வசிகாமணி. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் கேட்பார்கள், இப்படித்தான் சொல்வார். பஞ்சர் ஆகிறவரைக்கும் ஸ்டெப்னியை யார் நினைக்கிறார்கள்?

நாச்சிமுத்து நான்கு எலுமிச்சை வைத்தார். தெய்வசிகாமணி கிளப்பினார். மூன்று நசுங்கின. இடது முன் சக்கரத்துப் பழம் மட்டும் டயர் தொடுவதற்குள் நழுவி, வாசற்படி இறங்கி, சாலைக்குப் போய்விட்டது.

"அண்ணா, நில்லுங்க! பழம் தப்பிச்சுருச்சு!" என்று நாச்சிமுத்து கத்தினார். "வேற பழம் வெக்கறேன், போகாதீங்க!"

கனகராஜ் அதுவரை யாரும் கேட்டிராத வேகத்தில் ஓடினார். ஆனால் தெய்வசிகாமணி நிற்கவில்லை. பழம் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. ரொம்ப நாள் பழகிய ஆள் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவர் அதன் பின்னாலேயே போனார்.

சாலை இரண்டு வழியாக இளைத்திருந்தது. வெயில் கொளுத்தியது. எதிரே வந்தவர்களின் முகம் நாச்சிமுத்து சொன்னபடி ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அரளிச்செடி இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு பெரிய அடிக்கட்டை இருந்தது. எலுமிச்சை அதன் மேல் முட்டி நின்றது.

தெய்வசிகாமணி காரை ஓரம் கட்டினார். கட்டையின் மேல் ஒரு டீ கிளாஸ் இருந்தது. பாதி குடித்திருந்தது. தொட்டுப் பார்த்தார். ஆறவில்லை.

அவருக்கு அழுகை வந்தது. வயதானவர்கள் சாலையோரத்தில் அழுதால் நாலு பேர் கூடிவிடுவார்கள் என்பதால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அப்போது காரிலிருந்து உஸ் என்று சத்தம் வந்தது. இடது முன் டயரில் ஒரு ஆணி ஏறியிருந்தது. மரம் இருந்த காலத்தில் அதில் விளம்பரத் தகடு அடித்த ஆணி. மரத்தை வெட்டியவர்கள் ஆணியை எடுத்துப் போகவில்லை.

அவர் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். தூசி தட்டினார். பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தார். நூற்று நாற்பத்தைந்து.

கொஞ்ச நேரம் அதைத் தரையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை காலம் நாச்சிமுத்துவிடம் போய்க் கேட்ட டயர் தன் முதுகுக்குப் பின்னாலேயே கிடந்திருக்கிறது. பஞ்சர் ஆகட்டும் என்று காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. எலுமிச்சைகள் எல்லாம் ஒழுங்காக நசுங்கித் தொலைத்திருக்கின்றன. தன்னைத் தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். மரகதம் திட்டுகிற வார்த்தையிலேயே திட்டிக்கொண்டார்.

காற்று இறங்கவேயில்லை. கனகராஜ் ஆளாக இருந்தபோது அடித்த காற்று.

ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மாற்றி, நட்டுகளை இறுக்கினார். ஜாக்கியை இறக்கினார். காரின் இடது முன் சக்கரம் தரையைத் தொட்டது. தொட்டதும் அந்தப்பக்கம் மட்டும் நிழல் விழுந்தது.

தெய்வசிகாமணி வலதுபக்கமாகப் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தார். வலது ஜன்னலில் இரண்டு வழிச் சாலை, வெயில், முகம் ஒரு மாதிரியான ஆட்கள். இடது ஜன்னலில் புளியமரம், டீக்கடை, பாய்லர் புகை. இடது கதவு திறந்தது. மரகதம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். எப்போதும் போல அது சரியாகச் சாத்தவில்லை. மறுபடி திறந்து ஓங்கிச் சாத்தினாள்.

"ஏனுங், ஒரு டயர மாத்தறதுக்கு இத்தன நேரமா? டீயக்கூட முழுசாக் குடிக்காம வச்சுட்டு, வண்டி வருதா வண்டி வருதான்னு பாத்துட்டே நிக்கறேன்."

அன்றைக்குக் கட்டியிருந்த அதே இளநீலச் சேலை. மடியில் ஒரு பனையோலைப் பொட்டலம். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றி, தலை, கழுத்து என்று மெதுவாகப் பார்த்தாள்.

"என்னங்க, இப்படி நரச்சுப் போச்சு?"

"வெய்யில்ல நின்னுட்டேன்" என்றார் தெய்வசிகாமணி.

"தொப்பி போட்டுட்டுப் போங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்." பிறகு குனிந்து ஜன்னல் வழியாக முன் சக்கரத்தைப் பார்த்தாள். "டயர் மாத்துனாப்லயே தெரியலியே. என்ன சைஸ் போட்டீங்க?"

"இது நம்ம பழைய சைஸுதான். மத்தது மூணும் வேற."

"என்னைக் கேக்காமயா?"

"கேக்காமத்தான். இனி கேக்காம எதுவும் செய்ய மாட்டேன் மரகதம்."

"அழறாப்ல எதுக்குப் பேசறீங்க? ஒரு டயருக்கு?" என்றாள் அவள். "வண்டிய எடுங்க. பாப்பா நின்னுட்டு இருப்பா."

அவர் வண்டியை எடுத்தார். ஒரு சக்கரம் மட்டும் ஒல்லி என்பதால் கார் இடதுபக்கமாக இழுத்தது. ஸ்டீயரிங்கை வலதுபக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டவேண்டியிருந்தது. இடது ஜன்னல் வழியாகப் புளியம்பூ கொட்டியது. அவள் மடியில் விழுந்தது, டேஷ்போர்டில் விழுந்தது. ஹேண்ட்பிரேக்கைத் தாண்டி ஒரு பூகூட வரவில்லை.

மரகதம் காலை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள். மரங்களின் மேல் சுண்ணாம்பில் எழுதியிருந்த நம்பர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். முன்பெல்லாம் அது அவருக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது ஒரு நம்பரைக்கூட விடாமல் கேட்டார்.

"நுங்கு வாங்குனேன். இந்தாங்க, வாயத் தொறங்க."

"கைல குடு" என்று இடது கையை நீட்டினார். கை ஹேண்ட்பிரேக்கைத் தாண்டியது. தாண்டிய இடத்தில் கையில் கருகருவென்று முடி இருந்தது. எங்கோ தொலைத்த கல்யாண வாட்ச் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நுங்கை வாங்கிக் கையைத் திரும்ப எடுத்தார். கை பழையபடி சுருங்கியிருந்தது. நுங்கு இல்லை.

"கீழ போட்டுட்டீங்களா?"

"ஆமா" என்றார்.

"நல்லாத்தான் ஓட்டறீங்க" என்று அவள் தன் முந்தானையை எடுத்து அவர் நெற்றி வியர்வையைத் துடைக்க வந்தாள். முந்தானை ஹேண்ட்பிரேக்கைத் தாண்டியது. தாண்டிய பிறகு முந்தானை இல்லை. அவள் விரல்களும் அந்த இடத்தில் இல்லை.

இருவரும் அதைப் பார்த்தார்கள். மரகதம் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். விரல்கள் வந்தன. முந்தானையும் வந்தது. அவள் அதை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரு மரத்து நம்பரைப் படிக்காமல் விட்டாள்.

"சரி" என்றாள் பிறகு. "நான் இந்தப்பக்கமே இருந்துக்கறேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அந்தச் சரியைக் கேட்டதும் தெய்வசிகாமணி கியரை இரண்டாவதுக்கு இறக்கினார். இனி அவளை விட்டுவிட்டுக் காரிலிருந்து இறங்குவதில்லை என்று முடிவு செய்தார். முடிவெடுத்ததில் இந்தத் தடவை தலை வலிக்கவில்லை.

நம் ஊரில் ஒருவன் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் பைக் ஓட்டினால் ஊரே கத்தும். சேலை சக்கரத்தில் மாட்டப் பார்த்தால் ஊரே கத்தும். ஸ்டெப்னியில் கார் ஓட்டினாலும் அப்படித்தான். வலதுபக்கம் பைக்கில் ஒருவர் ஒட்டி வந்தார்.

"ஐயா, ஸ்டெப்னில ஓட்டறீங்க!"

"தெரியுமுங்."

"பழைய ரப்பருங். கோடு கோடா வெடிச்சுருக்குது. அடுத்த பஞ்சர் கடை வரைக்குந்தான் தாங்கும். அங்க நிறுத்தி நல்ல டயர மாட்டிக்குங்க."

"செரிங்க."

"மறந்துறாதீங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு அவர் போனார். ஸ்டெப்னியில் அடுத்த பஞ்சர் கடை வரைக்கும்தான் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பஞ்சர் ஒட்டியதும் ஸ்டெப்னி டிக்கிக்குப் போகவேண்டும். அதில் உட்கார்ந்து வந்தவர்களும் போகவேண்டிய இடத்துக்குப் போகவேண்டும்.

சீட்டுகளுக்கு நடுவில் கிடந்த போன் அடித்தது. இந்துமதி. அவர் ஸ்பீக்கரைப் போட்டு அதை ஹேண்ட்பிரேக்கின் மேலேயே வைத்தார்.

"அப்பா, சாப்ட்டாச்சுங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்றது ஓசூர்க் குரல்.

"மழைல நிக்காத கண்ணு. மாடிப்படிக்குக் கீழ போய் நில்லு" என்றாள் மரகதம்.

அவர் காதுக்கு நரைத்த மகள் பேசினாள். மரகதத்தின் காதுக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து பாப்பா பேசினாள். ஒரே போன்தான். வைத்த இடம் அப்படி.

ஓசூர்க் குரல் தாழ்ந்தது.

"அப்பா, பக்கத்துல யாரு?"

"நீயே கேளு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு இந்துமதி கேட்டாள்.

"அம்மா, டீ குடிச்சாச்சா?"

இந்த ஒரு கேள்வி மட்டும் இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி விழுந்தது.

"பாதிதான் கண்ணு குடிச்சேன். உங்கப்பா வந்துட்டாரு. இதோ வந்துட்டே இருக்கோம், எல்லாரும் ஒட்டுக்கா வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள் மரகதம்.

இந்துமதி போனை வைக்கவில்லை. அவள் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கிணத்துக்கடவு வந்தது. வலது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இடது ஜன்னலில் மழை. பள்ளி விட்டிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இரட்டைச் சடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நீலக் காரைப் பார்த்ததும் மழையைப் பொருட்படுத்தாமல் ஓடிவந்தாள். பின்சக்கரங்கள் இரண்டும் நூற்று ஐம்பத்தைந்து. பின்கதவு அவளுக்குத் திறக்கவில்லை. மரகதம் முன்கதவைத் திறந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் தலையைத் துவட்டினாள். அந்தப்பக்கத்தில் முந்தானை ஒழுங்காக இருந்தது.

"விரல் வலிக்குதா?"

"இல்லம்மா. மிஸ்ஸு புதுக் கட்டுப் போட்டுட்டாங்க."

"கதவுல கைய வெக்காத."

கார் கிளம்பியது. இடதுபக்கம் இன்னும் அதிகமாக இழுத்தது. சக்கரத்திலிருந்து லேசாக ரப்பர் வாசம் வந்தது. தெய்வசிகாமணி இரண்டாவது கியரிலேயே போனார். எவ்வளவு மெதுவாகப் போகிறாரோ அவ்வளவு மெதுவாகத் தேயும் என்பது அவர் கணக்கு.

சாலையோரத்தில், ஒரு கம்பத்தில், ஒரு டயர் தொங்கியது. அதில் வெள்ளைப் பெயின்டில் 'பஞ்சர்' என்று எழுதியிருந்தது.

"கடை வருதுங்" என்றாள் மரகதம். அவள் குரலில் ஒன்றும் இல்லை. பாப்பாவை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாலையில் ஒரு குழி. கார் குலுங்கியது.

"அப்பா கையப் புடிச்சுக்கோ கண்ணு" என்றாள் மரகதம்.

பாப்பா கையை நீட்டினாள். கட்டுப் போட்ட கை ஹேண்ட்பிரேக்கை நோக்கி வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொல்வதற்குள் கை தாண்டிவிட்டது. அவரால் பார்க்க முடியவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டார்.

அவர் கையின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. கனமாக இருந்தது. அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

கை இருந்தது. பெரிய கை. நரம்பு தெரிகிற, வேலை செய்து காய்த்த கை. மோதிர விரலில், மகள் கல்யாணத்துக்கு அவர் போட்ட மோதிரம் இருந்தது. அதற்கு மேலே நகம் கோணலாக இருந்தது. அந்தக் கை அவர் கையை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஹேண்ட்பிரேக்குக்கு அந்தப்பக்கம் பாப்பா நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க கை ஏன் இவ்ளோ சூடா இருக்குது?" என்று ஓசூரிலிருந்து இந்துமதி கேட்டாள்.

"ஸ்டீயரிங் புடிச்சுட்டு வர்றேனில்ல கண்ணு."

மரகதம் அடுத்த மரத்தின் நம்பரைப் படித்தாள். பாப்பா திருப்பிச் சொன்னாள்.

பஞ்சர் கடைக்காரர் அதற்குள் சக்கரத்தைப் பார்த்துவிட்டார். ஸ்பேனரோடு சாலைக்கே வந்து, இரண்டு கையையும் நீட்டி நிறுத்தச் சொன்னார். தெய்வசிகாமணி மரகதத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ணட்டும்?"

"அடுத்த கடைல பாத்துக்கலாமுங்க" என்றாள் அவள்.

அவர் ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு, கடைக்காரரைச் சுற்றிக்கொண்டு, நேராகப் போனார்.